வானத்து ஏட்டில் மாணவர் பெயர்

நெய்வேலி நகரியத்தை அடுத்த வடக்குத்தில் வாழும் நமக்கு நிலத்தைத் தோண்டிப் பார்ப்பது புதுமையன்று. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று நீரோடு மேலே வந்தது. 1956இல் அதற்கென ஒரு நிறுவனமே அமைந்தது. அன்று முதல் இவ்வட்டாரத்தார் கண் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருந்து வருகிறது. இரவில் சுரங்கத்து விளக்கொளியும் அனல் நிலையத்தின் ஒளியும் வானில் பரவுவதால், அண்ணாந்து பார்ப்போர்க்கும் விண்மீன்கள் சிலவே தென்படும். இத்தகைய ஊரில் ஒரு சிறுமி வானத்தை அளந்தாள் என்றால் வாசக அன்பர்கள் வியப்பர். நாமும் வியந்தோம், வெட்கமும் கொண்டோம்.

சென்ற ஆண்டு நகரியத்துப் பள்ளியொன்றில் அறிவியற் கண்காட்சி நடைபெற்றது. நம் மக்தபில் காலையில் ஓத வரும் பிள்ளைகள் சிலர் அதில் பங்கு பெற்றதால், நம்மையும் வருமாறு வற்புறுத்தி அழைத்தனர். கூடத்தின் நடுவே விளக்கெரியும் அனல் மின்நிலைய மாதிரி ஒன்று. பக்கத்தில், அட்டையால் செய்த வாளிச் சக்கர இயந்திரம் சுழன்று மண்ணை வாரிக் கொண்டிருந்தது. புகை கக்கும் எரிமலை வழக்கம் போல் இரண்டு. மூலையில், கூட்டமில்லாத ஒரு மேசையில், நம் மாணவி நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. மேசையின் மேல் ஒரு மரக்கோல், ஒரு நூற்கயிறு, ஒரு வெள்ளை அட்டை. அவ்வளவே.

அவள் செய்தது இது. பள்ளித் திடலில் ஒரு மீட்டர் உயரக் கோல் ஒன்றை நேராக நட்டாள். கோலை நடுவாக வைத்து வட்டம் வரைந்தாள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தையும், பிற்பகலில் மீண்டும் தொட்ட இடத்தையும் குறித்து, இரண்டையும் இணைத்தாள். அந்தக் கோடு கிழக்கு மேற்காக அமைந்தது. பிறகு ஜூலை 16ஆம் நாள் பிற்பகல் 2 மணி 57 நிமிடத்திற்காகக் காத்திருந்தாள். முதல் நாள் மேகம் மறைத்துவிட்டது. மறுநாள் வெயில் வாய்த்தது.

அந்த நேரத்திற்கு என்ன சிறப்பு? ஆண்டில் இருமுறை, மே 27, 28 நாட்களிலும் ஜூலை 15, 16 நாட்களிலும், மக்காவின் நண்பகலில் கதிரவன் கஃபாவின் உச்சிக்கு நேரே வருகிறது. நம் நாட்டுக் கடிகாரத்தில் மே மாதத்தில் அது பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. அவ்வேளையில் கதிரவனைப் பார்த்து நிற்பவன் கஃபாவைப் பார்த்து நிற்கிறான். கோலின் நிழல் நேர் எதிர்ப்புறம் விழும். நிழல் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கினால் அதுவே கிபுலா. நம் ஊரில் அப்போது ஒரு மீட்டர் கோலுக்கு நிழல் ஏறத்தாழ எண்பது சென்டிமீட்டர். சிறுமி அந்நிழலுக்கும் தன் கிழக்கு மேற்குக் கோட்டிற்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்தாள். ஏறக்குறைய 20 பாகை வந்தது. அதாவது, நெய்வேலியில் கிபுலா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே 20 பாகை சாய்ந்தது.

நாமோ ஆண்டுக்கணக்காக மக்தபுப் பிள்ளைகளுக்குக் ‘கிபுலா என்றால் மேற்கு’ என்றே சொல்லிக் கொடுத்து வந்தோம். அட்டையை நாம் படித்து முடித்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டு, “ஹஜ்ரத், கோபிச்சுக்காதீங்க. மூணு தடவை அளந்து பார்த்துட்டேன்” என்றாள்.

நடுவராக வந்த ஆசிரியர் ஒருவர், “இதில் இயங்கும் பகுதி எது?” என்று வினவினார். “பூமிதான் சார்” என்றாள். அவர் சிரித்தார்; குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். முதற்பரிசு மின்நிலையத்திற்குச் சென்றது. அதில் குறை காண்பது நம் நோக்கமன்று. அந்தப் பையன்களும் உழைத்தவர்களே. ஆனால், சிறுமியின் அட்டையைப் படித்துப் பார்த்துச் ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று சொல்லத் தகுந்தவர் ஒருவர் அன்று அக்கூடத்தில் இல்லை. அன்றிரவு நம் உறக்கத்தைக் கெடுத்தது இந்த எண்ணமே. ஒரு மாணவனின் ஆய்வை வானாய்வுக் கூடம் ஒன்று எடுத்துப் பார்த்து மதித்த வரலாறு உண்டா?

உண்டு. அதைத் தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ஓதிய கிதாபுகளைத் திறந்தாலே போதும். பழைய மதரஸாப் பாடத்திட்டத்தில் வானநூலுக்கென இடம்பெற்றிருந்த நூல்களுள் ‘ஷரஹு சக்மீனீ’ ஒன்று. அதை இயற்றியவர் காழீ ஜாதா ரூமீ. ஸமர்கந்தின் அரசர் உலூக் பேக்குக்கு ஆசானாயும் அங்கிருந்த வானாய்வுக் கூடத்தின் தலைவர்களுள் ஒருவராயும் விளங்கியவர். அவர் நூலை நாம் ஓதினோம். ஆனால் ஒரு கோலை நட்டு நிழலைப் பார்த்தோமில்லை. கோலைச் சுற்றி வட்டம் வரைந்து திசை காணும் முறைக்கு அறபு வானநூலார் இட்ட பெயர் ‘அத்தாயிரத்துல் ஹிந்திய்யா’, அதாவது இந்திய வட்டம். நம் நாட்டிலிருந்து போன கலை என்று அவர்களே பெயரில் பொறித்து வைத்தார்கள். சங்க நூலாகிய நெடுநல்வாடையிலும் அரண்மனைக்கு மனை வகுத்தோர் கோல் நிழல் கொண்டு திசை கண்ட செய்தி வருகிறது. சிறுமிக்கு இவை எதுவும் தெரியாது. பள்ளி அறிவியல் ஆசிரியை சொல்லிக் கொடுத்த முறை அது.

உலூக் பேக் 1420இல் ஸமர்கந்தில் மதரஸா ஒன்றைக் கட்டி முடித்தார். அதே பத்தாண்டில் நகருக்கு வெளியே குன்றொன்றில் வானாய்வுக் கூடம் எழுந்தது. அதன் பெருங்கருவி, மலைப்பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட வில் வடிவம். அதன் ஆரம் ஏறத்தாழ 40 மீட்டர். கூடம் பின்னாளில் இடிந்து மறைந்து, 1908இல் வியாத்கின் என்ற ரஷ்ய அறிஞர் அகழ்ந்த போதுதான் வில்லின் கீழ்ப்பகுதி மீண்டும் கண்ணில் பட்டது. அங்கு உருவான ‘ஸீஜே ஸுல்தானீ’ என்னும் வானவியல் அட்டவணை நூல், 1437ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்டது. அதில் 1018 விண்மீன்களின் இடங்கள் குறிக்கப்பட்டன. 1665இல் தாமஸ் ஹைடு என்பவர் அந்த மீன் அட்டவணையை ஆக்ஸ்போர்டில் அச்சிட்டார்.

இவையெல்லாம் பலரும் எழுதியவை. நம் மனம் நிலைப்பது வேறொன்றில். அங்குப் பணியாற்றிய கியாஸுத்தீன் ஜம்ஷீத் அல்-காஷீ, காஷான் நகரிலிருந்த தம் தந்தைக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. மதரஸாவில் அரசர் அமர்ந்து வானநூல் பற்றி உரையாடும் விதத்தை அதில் விவரிக்கிறார். புரியாமலே தலையாட்டுவதை அரசர் வெறுத்தார். தம் பதவிக்கு அஞ்சி ஒருவர் ஒப்புக்கொண்டால், என்னை அறியாதவன் ஆக்குகிறாயா என்று கடிந்துகொள்வார். சில வேளை வேண்டுமென்றே பிழையான கருத்தைச் சொல்லி, யார் மரியாதைக்காக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று சோதிப்பாராம். அரசரை மறுத்துப் பேசலாம் என்று இருந்த சபை அது.

அச்சபையில் வளர்ந்தவர் அலீ குஷ்ஜீ. ‘குஷ்ஜீ’ என்றால் வேட்டைப் பருந்து வளர்ப்பவர். தந்தையார் செய்த தொழிலின் பெயர் அது. இவர் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஸமர்கந்தை விட்டுக் கிர்மானுக்குப் போய்விட்டார். அங்கே ஓதினார், எழுதினார். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து அரசர் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். எனக்கென்ன கொண்டு வந்தாய் என்றார் அரசர். சந்திரனின் தோற்ற மாறுதல்கள் பற்றிய சிக்கல்களை அவிழ்த்து எழுதிய சிறு நூலொன்று கொண்டு வந்தேன் என்றார் மாணவர். கொடு, எங்கே தவறியிருக்கிறாய் என்று பார்க்கிறேன் என்றார் அரசர். நின்றபடியே அதனைக் கேட்டார், மகிழ்ந்தார். ‘அஷ்ஷகாயிகுன் நுஃமானிய்யா’ என்னும் அறிஞர் வரலாற்றில் தாஷ்குப்ரிஸாதா இந்நிகழ்ச்சியைக் குறித்து வைத்துள்ளார்.

‘எங்கே தவறியிருக்கிறாய் என்று பார்க்கிறேன்’ என்ற சொல்லை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. முதலில் கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆயினும் மாணவன் எழுதியதை ஒருவர் படிக்கப் போகிறார், வரி வரியாகச் சோதிக்கப் போகிறார் என்ற உறுதி அதில் இருக்கிறது. பொன்முடிப்பை விட அதுவே பெரிது. காஷீ 1429இல் காலமானார். காழீ ஜாதாவும் மறைந்தார். அட்டவணையை முடிக்கும் பொறுப்பு பருந்து வளர்ப்பவர் மகனிடம் வந்தது. நூலின் முன்னுரையில் உலூக் பேக் அவரைத் தம் மகன் என்று உரிமையோடு குறிப்பிடுகிறார். 1449இல் அரசர் கொல்லப்பட்ட பின் அலீ குஷ்ஜீ தப்ரீஸ் வழியாக இஸ்தான்புல் சேர்ந்து, அங்கே ஆசிரியராகி, 1474இல் காலமானார். கிர்மானில் அவர் எழுதிய ‘தஜ்ரீத்’ நூலின் விரிவுரையில், பூமி சுழலவில்லை என்று இயற்கைத் தத்துவத்தைக் கொண்டு நிறுவ இயலாது என்ற கருத்தை எடுத்துரைத்துள்ளார். ‘பூமிதான் சார்’ என்ற விடையை அவர் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மாணவனின் பெயர் முன்னுரையில் வந்தது. நூலின் பெயரோ அரசருடையது. அதற்கு முன் மராகாவில் நஸீருத்தீன் தூஸீ 1259இல் தொடங்கிய வானாய்வுக் கூடத்தின் அட்டவணை ‘ஸீஜே ஈல்கானீ’. ஹுலாகூவின் பட்டப் பெயர் அதற்கு. பின்னாளில் ஜெய்ப்பூர் அரசர் ஜெய்சிங் உருவாக்கியது ‘ஸீஜே முஹம்மத் ஷாஹீ’. முகலாயப் பேரரசர் பெயர். ஐரோப்பியரும் இதற்கு விலக்கல்லர். 1801 ஜனவரி முதல் நாள் சிசிலித் தீவின் பலர்மோவில் பியாஸ்ஸி என்னும் பாதிரியார் முதற் சிறுகோளைக் கண்டார். அவருடைய வானாய்வுக் கூடம் அமைந்திருந்த அரண்மனை, சிசிலியை ஆண்ட அறபு அமீர்களின் கோட்டை இருந்த இடத்தில் எழுந்தது என்பதை நம் வாசகர்கள் அறிந்து மகிழலாம். அச்சிறுகோளுக்கு ஸீரிஸ் என்ற தேவதையின் பெயரோடு தம் மன்னர் ஃபெர்டினாண்டின் பெயரையும் சேர்த்தார். மன்னர் பெயரைப் பிற நாட்டார் ஏற்கவில்லை. தேவதை மட்டும் நின்றது.

நம் சென்னையிலும் இக்கதை தொடர்ந்தது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாய்வுக் கூடத்தில், 1861இல் போக்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ஆசியா என்று பெயரிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். 1867இல் அவர் தென்வானில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அம்மீனை இன்று உலகம் ‘ஆர் ரெட்டிகுலி’ என்கிறது. ‘ஆர்’ என்பது வரிசை எழுத்து. கண்டவர் பெயருக்கு அதில் இடமில்லை. எனினும் 1872இல் இலண்டன் வானவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் கதிரவனைக் கடந்தபோது, பொதுமக்கள் அதை அறிய வேண்டுமென்று அவர் சிறுநூல் எழுதி, உருது உட்பட நம் நாட்டு மொழிகள் சிலவற்றிலும் வெளிவரச் செய்தார். வைணவ அந்தணர் ஒருவர் உருது அறிந்தார்க்கும் வானத்தைக் காட்ட முனைந்தது நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி.

அடுத்த நிகழ்ச்சியும் சென்னையில்தான். 1913 பிப்ரவரி இறுதியில் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். இந்திய வானாய்வுக் கூடங்கள் அனைத்திற்கும் தலைமை இயக்குநர் அவர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த எழுத்தர் ஒருவரின் குறிப்பேடுகளை அவரிடம் காட்டினார்கள். எழுத்தருக்குப் பட்டம் கிடையாது. கல்லூரித் தேர்வில் தோற்றவர். வாக்கர் படித்துப் பார்த்தார். இது என் துறைக் கணிதமன்று என்பதை மறைக்காமல், ஆனாலும் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வாளர் ஒருவரின் பணிக்கு ஒப்பானது என்று பல்கலைக்கழகத்திற்கு மறுநாளே கடிதம் எழுதினார். 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த எழுத்தர் சீனிவாச இராமானுஜன். இதை எழுதுகையில் அலீ குஷ்ஜீயின் சிறு நூல் நம் நினைவுக்கு வராமல் இல்லை. ஒரு கட்டுத் தாள். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர். அவர் படிக்கவும் செய்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. வாணியம்பாடிப் பக்கம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு அமைத்த வானாய்வுக் கூடத்திலிருந்து 1988 பிப்ரவரி 17ஆம் நாள் இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். போக்சன் தம் கடைசிச் சிறுகோளை 1885இல் கண்ட பின், நூறாண்டுக்கு மேல் இந்திய மண்ணிலிருந்து வேறெதுவும் காணப்பட்டதில்லை. புதியதற்கு வரிசை எண் 4130, பெயர் இராமானுஜன். பாப்பு என்பவர் யாரெனில், ஹைதராபாத்தில் நவாப் ஜஃபர் ஜங் தொடங்கிய நிஜாமிய்யா வானாய்வுக் கூடத்தில் பணியாற்றியவரின் மகன். சிறுவயதிலேயே அக்கூடத்துத் தொலைநோக்கி அவர் கண்ணுக்குப் பழகியது.

இராமானுஜன் மறைந்து அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆன பின்பே இந்தச் சிறப்பு. பள்ளியில் பயிலும்போதே ஒருவர் பெயர் வானேறும் வழக்கம் 2001இல் பிறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த லிங்கன் ஆய்வகம், நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் தொலைநோக்கிகளை நிறுவிச் சிறுகோள்களைத் தேடி வந்தது. பூமிக்கு அருகே வரக்கூடியவற்றை முன்கூட்டி அறிவதே அதன் வேலை. தேடிய வலையில் பல்லாயிரம் சிறுகோள்கள் சிக்கின. கண்டவர்க்கே பெயர் முன்மொழியும் உரிமை உண்டு. பெயருக்கு எங்கே போவது? அவ்வாய்வகத்தார் பள்ளி மாணவர்களின் அறிவியற் கண்காட்சிகளைப் பார்த்தார்கள். பன்னாட்டுக் கண்காட்சியிலும் வேறு சில போட்டிகளிலும் சிறந்த ஆய்வு செய்த பிள்ளைகளின் பெயர்களை முன்மொழிந்தார்கள். அத்திட்டத்திற்கு ‘ஸீரிஸ் இணைப்பு’ என்று பெயர். அவ்வாறு இந்திய மாணவர் பலரின் பெயர்களும் சிறுகோள்களுக்கு இடப்பட்டன. மாணவர் மட்டுமல்லர், அவர்களுக்கு வழிகாட்டிய ஆசிரியர்களும் அவ்வாறே சிறப்பிக்கப்பட்டனர்.

பன்னாட்டு வானவியற் சங்கம் இப்பெயர்களுக்கு விதிகள் வகுத்துள்ளது. பெயர் பதினாறு எழுத்துக்கு மேற்படலாகாது. அரசியலாலோ போராலோ மட்டும் புகழ்பெற்றவராயின் அவர் மறைந்து நூறாண்டு கழிய வேண்டும். ஹுலாகூ இன்று உயிரோடிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி காத்திருக்க வேண்டியதில்லை. மன்னன் பெயரால் தொடங்கிய ஏடு இப்படித் திரும்பியிருக்கிறது.

இச்செய்தியை நாம் மக்தபில் சொன்னபோது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ‘அந்தக் கல்லில் போய் இறங்க முடியுமா?’ என்றான் ஒருவன். ‘அந்தக் கல் நம் மேலே விழுந்தால் யார் பெயரைச் சொல்லித் திட்டுவது?’ என்றான் இன்னொருவன். நம் மாணவி ஒன்றும் பேசவில்லை. அவளுடைய அட்டை நியூ மெக்சிகோவுக்குப் போகாது. மாவட்டக் கண்காட்சிக்கே போகவில்லை. ஆனால் உலூக் பேக் செய்ததை நாமும் செய்யலாம் என்று தோன்றியது.

‘கொண்டு வா, எங்கே தவறியிருக்கிறாய் என்று பார்ப்போம்’ என்றோம். அட்டையைக் கொண்டு வந்தாள். இரண்டு மாலை நாம் உட்கார்ந்து, அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கொண்டு கோணக் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். மூளை துருப்பிடித்திருந்ததால் முதல் மாலையில் நாமே இருமுறை வழுக்கினோம், அவள் திருத்தினாள். விடை, வடக்கே ஏறக்குறைய 20 பாகை. அவள் கோல் சொன்னதும் அதுவே. தொலைவில் வாழ்வோர்க்குத் திசையை நோக்கினாலே போதும் என்று இமாம்கள் பலர் தீர்ப்பளித்திருப்பதால், இதுவரை தொழுத தொழுகைகளுக்காக யாரும் கலங்க வேண்டியதில்லை என்பதையும் பிள்ளைகளுக்கு விளக்கினோம். மக்தபின் பாய்களை மறுநாள் சாய்த்துப் போட்டோம். சுவருக்கும் பாய்க்கும் நடுவே ஒரு முக்கோணம் வீணாகிறது என்று முஅத்தின் முணுமுணுத்தார். பிறகு அவரே அந்த முக்கோணத்தில் செருப்பு அலமாரியை வைத்துக்கொண்டார்.

அட்டை இப்போது மக்தபுச் சுவரில் தொங்குகிறது. கீழே பெயர் எழுதச் சொன்னபோது அவள் தன் பெயரையும் வகுப்பையும் எழுதி, அடுத்த வரியில் ‘வழிகாட்டியவர்கள்: அறிவியல் ஆசிரியை, ஹஜ்ரத்’ என்று சேர்த்துவிட்டாள். நேர் மேற்கு என்று சொல்லிக் கொடுத்தவர்க்கு அந்த வரியில் இடமில்லை, அழித்துவிடு என்றோம். மையால் எழுதிவிட்டேன் ஹஜ்ரத் என்றாள். வரும் மே 28ஆம் நாள் பிற்பகல் 2.48க்கு வேறு பதினொரு பிள்ளைகள் கோல் நட இருக்கிறார்கள். கோல்களுக்கு மூங்கில் சொல்லி வைத்தாயிற்று.